பென்னலூர் வட்டாரத்தின் சிறு கட்டட ஒப்பந்ததாரர்கள்

ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே ஐந்தாறு கொத்தனார்கள், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பெரியாள், சித்தாள்கள், வாடகைக்கு எடுத்த ஒரு கலவை இயந்திரம், ஹார்டுவேர் கடையில் ஒரு கடன் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் சிறு கட்டட ஒப்பந்த நிறுவனம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அலுவலகம் இருக்காது, கணக்குப்பிள்ளை இருக்க மாட்டார், பல நேரம் பெயர்ப்பலகைகூட இருக்காது. கடைக்காரர் கடனுக்குச் சரக்கு தருவார் என்பதும், சனிக்கிழமை கூலி கைக்கு வந்துவிடும் என்று ஆட்கள் நம்பி வருவதும்தான் அவருடைய முதல். இந்தியாவில் வேலை செய்வோரில் பத்தில் ஒருவருக்கும் மேல் கட்டுமானத்தில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அன்றாடம் வேலை கொடுப்பவர் பெரிய கம்பெனி அல்ல, இத்தகைய மேஸ்திரிதான். கானா, கென்யா, இலங்கை, மலேசியா என்று வளர்ந்துவரும் நாடுகள் பலவற்றிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னே இருக்கிறது பென்னலூர். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்து, 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டபோது இந்த ஊர்களின் கட்டுமானத் தொழில் முற்றிலும் மாறியது. 2000இல் செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, அதற்கடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. பின்னர் சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிப்பைத் தொடங்கியது.

ஆலைகளைக் கட்டியவை பெரிய நிறுவனங்கள். ஆனால் ஆலைக்கு வரும் ஆள் எங்காவது தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அந்த இடங்களைக் கட்டியவர்கள் சிறு ஒப்பந்ததாரர்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் பலவும் கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதியை வாடகை அறைகளில் போட்டன. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள், வாசலில் ஒரு நீண்ட தாழ்வாரம், பின்னால் பொதுக் கழிப்பறை என்று அமைந்த லைன் வீடுகள் ஊருக்கு ஊர் பெருகின. அதன்மேல் மாடி, மாடிக்கு மேல் தகரக் கொட்டகை. மெஸ், பெண்கள் விடுதி, இரண்டு சக்கர வாகனம் நிறுத்த ஷெட், மொபைல் கடை ஆகியவையும் வந்தன. விவசாயம் சுருங்கிய ஊர்களில் நிலையான வருமானத்துக்கு வாடகையே வழி என்று ஆனபோது, அந்த வாடகைக்கான சுவரை எழுப்பிக் கொடுக்கும் மேஸ்திரிக்கும் நிலையான வேலை கிடைத்தது. ஆனால் அந்த நிலைத்தன்மை ஆலையைச் சார்ந்தது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டதுபோல ஒரு பெரிய ஆலை நின்றுபோனால் அறைகள் காலியாகும். அறை காலியான வீட்டுக்காரர் அடுத்த மாடி கட்டும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவார்.

ஒப்பந்ததாரர் ஆவதற்குப் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. பெரியாளாகக் கல் சுமந்தவர் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகிறார். பூச்சு வேலையும் தூக்குக்குண்டும் மட்டம் பார்ப்பதும் கைவந்தபின் நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாகிறார். பிறகு ஒருநாள் சொந்தமாக ஒரு வீட்டை எடுத்துச் செய்கிறார். இந்த ஏணியில் பெண்களுக்குப் படி இல்லை. இருபது ஆண்டுகள் சித்தாளாக இருந்த பெண்ணும் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். கலவையின் பதத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த இடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை. தொழில் தன் அனுபவத்தில் பாதியை இப்படி வீணாக்குவது பெரிய அநியாயம்.

ஒப்பந்தம் இரண்டு வகையாக நடக்கிறது. லேபர் கான்ட்ராக்ட் என்றால் கம்பி, சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தருவார். மேஸ்திரி ஆட்களைக் கொண்டுவந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார். மெட்டீரியல் கான்ட்ராக்டில் சரக்கும் மேஸ்திரி பொறுப்பு. முதல் வகையில் ஆபத்து குறைவு, வரவும் குறைவு. இரண்டாவதில் விலை பேசிய நாளுக்கும் தளம் போடும் நாளுக்கும் இடையே கம்பி விலை ஏறினால் அந்த ஏற்றம் முழுவதும் மேஸ்திரி தலையில் விழும். 2021இல் கம்பி விலை வேகமாக ஏறியபோது நாடு முழுவதும் சிறு ஒப்பந்ததாரர்கள் இப்படித்தான் அடிபட்டார்கள். அரசின் பெரிய ஒப்பந்தங்களில் விலை ஏற்றத்துக்கு ஈடு கட்டும் விதி இருப்பதுண்டு. வெற்றிலை பாக்கு மாற்றிப் பேசி முடித்த வீட்டு வேலையில் அப்படி ஒன்று இருக்காது.

சண்டை பெரும்பாலும் சதுர அடியை அளப்பதில் தொடங்குகிறது. போர்டிகோவை முழுதாகக் கணக்கிடுவதா, பாதியாகவா? சன்ஷேடு சேருமா? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும், செப்டிக் டேங்கும், தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியும் பேசிய விலைக்குள் வருமா, தனியா? நடுவில் வீட்டம்மா சமையலறை மேடையை மாற்றச் சொன்னால் அந்தக் கூடுதல் வேலைக்கு யார் கணக்கு எழுதுவது? இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் பாதி வழக்குகள் எழாது. அந்த ஒரு பக்கம் எழுதப்படுவது அரிது. கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று எதிராளி வருத்தப்படுவார் என்ற தயக்கம் இரு பக்கமும் இருக்கிறது.

இந்தத் தொழிலில் நொடித்துப் போகிறவர்களில் வேலை தெரியாதவர்கள் குறைவு. வேலை முடிந்தபின் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் நொடித்தவர்களே அதிகம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2,000 சதுர அடி வாடகை அறைகளைச் சதுர அடி 2,000 ரூபாய்க்குப் பேசினால் மொத்தம் 40 லட்சம். எல்லாம் சரியாக நடந்து பத்து சதவீதம் மிஞ்சினால் லாபம் 4 லட்சம். பணம் கட்டம் கட்டமாக வரும்: அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, ஃபினிஷிங். கடைசிக் கட்டத்துக்கு வைத்த 4 லட்சத்தை, சுவரில் விரிசல் என்றோ கையில் பணமில்லை என்றோ வீட்டுக்காரர் நிறுத்திவைத்தால், நின்றுபோவது மேஸ்திரியின் லாபம் முழுவதும். இடையில் கூலி கொடுக்க 5 லட்சத்தை மாதம் 3 சதவீத வட்டிக்கு ஆறு மாதம் வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 90,000 ரூபாய்; லாபத்தில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேயே போய்விடுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூலிக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, ஒரு மணி நேரத்தில் பணம் தரக்கூடியவர் வட்டிக்காரர் மட்டுமே. ஈடில்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் தர 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் இருந்தாலும், எழுத்தில் ஒப்பந்தமும் வரவு செலவுக் கணக்கும் இல்லாதவருக்கு வங்கி எதைப் பார்த்துக் கடன் தரும்?

ஆலைக்குள் வேலை கிடைப்பது இந்த வட்டாரத்தில் ஒரு படி ஏற்றமாகக் கருதப்படுகிறது. பெரிய கட்டடம் கிடைக்காது. கிடைப்பது சுற்றுச்சுவர், மழைநீர்க் கால்வாய், பேவர் கல் பதிப்பது, கழிப்பறை, பழுதான தரையைக் கொத்திப் போடுவது போன்ற சில்லறை சிவில் வேலைகள். உற்பத்தி நிற்காமல் இருக்கப் பல வேலைகளை ஞாயிற்றுக்கிழமையிலும் ஆண்டுப் பராமரிப்பு விடுமுறையிலும் முடிக்க வேண்டும். ஆட்களுக்கு ஹெல்மெட், காலணி, பாதுகாப்பு வகுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆவணங்கள் எல்லாம் வேண்டும். இவற்றால் தொழில் ஒழுங்குக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் பணம் வரும் வழி நீளமானது. ஆலை, அதற்குக் கீழே முதன்மை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், கடைசியில் மேஸ்திரி. மேலே பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்பது எழுதாத விதி. பத்து லட்ச ரூபாய் பில்லுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.8 லட்சம். சரக்கு வாங்கியபோது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம், கூலிக்குக் கழிவு இல்லை. பில் போட்டாயிற்று என்றால், பணம் வராவிட்டாலும் மீதி வரியைத் தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம். அதற்குமேல் குறைபாடு தோன்றினால் சரிசெய்வதற்காக ஒரு பகுதியை ஓராண்டு பிடித்துவைப்பார்கள். கோடிகள் புரளும் ஆலைக்குச் சில மாதம் வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் லைன் வீட்டில் குடியிருக்கும் மேஸ்திரி என்பதே இதன் பொருள்.

பணம் தாமதமாவது கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை, கான்கிரீட்டுக்குள்ளும் இறங்குகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456இன்படி, சாதாரண சிமென்டில், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளைக் குறைந்தது 7 நாள் வரையும், அதைவிட அகலமானால் 14 நாள் வரையும் பிரிக்கக் கூடாது. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். தமிழ்நாட்டில் பரவலாக விற்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் பொறுமை வேண்டும். ஆனால் சென்ட்ரிங் தகடும் ஜாக்கியும் வாடகைக்கு வந்தவை. அவற்றைக் கொண்டுவந்தவருக்கு அடுத்த இடத்தில் தளம் காத்திருக்கிறது. ஒவ்வொரு நாள் தாமதமும் வாடகை. பணம் தட்டுப்பாடாக இருக்கும் மேஸ்திரிக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிரித்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இங்கேதான். கியூரிங்கும் அப்படியே. அதே தர நிர்ணயம் சாதாரண சிமென்டுக்கு 7 நாள், கலப்பு சிமென்டுக்கு 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. வெயில் காய்ச்சும் காலத்தில் இன்னும் கூடுதல் நாள் பரிந்துரைக்கிறது. சித்திரை வெயிலில் அதற்கு லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். தண்ணீருக்குக் கொடுத்த காசு கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முதலில் வெட்டப்படுவது அதுதான்.

மணலின் கதையும் இதோடு சேர்ந்தது. ஆற்று மணல் குவாரிகள் குறைந்து விலையும் ஏறியபின், காஞ்சிபுரம் மாவட்டத்தின் கல்குவாரிகளிலிருந்து வரும் எம்-சாண்டே இந்த வட்டாரத்தின் மணலாகிவிட்டது. நன்றாகக் கழுவிச் சலித்த எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு உகந்தது. கிரஷரில் மிஞ்சும் தூசியை எம்-சாண்ட் என்று விற்பதும் நடக்கிறது. அது தண்ணீரை அதிகம் குடித்துக் கலவையின் வலிமையைக் குறைக்கும். அனுபவமுள்ள மேஸ்திரி கையில் அள்ளிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார். ஆனால் கடன் பாக்கி வைத்திருப்பவர் வந்து இறங்கிய லோடைத் திருப்பி அனுப்ப முடிவதில்லை.

வேலை நாட்களின் கணக்கும் இறுக்கமானது. ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை போட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அஸ்திவாரக் குழியை நிரப்பிவிடும். 2015 வெள்ளத்தில் இந்த வட்டாரத்தின் வேலைகள் வாரக்கணக்கில் நின்றன. ஆட்களோ இப்போது பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள், தேர்தலுக்கும் போவார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் அவர்கள் நடந்தும் லாரி ஏறியும் போனார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது மறுபடியும் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். பீகாரில் இருக்கும் ஆள் பிடித்துத் தருபவருக்கு முன்பணம் கொடுத்து ஒரு செட் ஆட்களை வரவழைத்தவருக்கு அந்த முன்பணம் திரும்பாது. ஆட்களுக்குத் தங்க இடம், கழிப்பறை, சமையல் அடுப்பு எல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு. கட்டி முடியாத கட்டடத்தின் கீழ்த்தளமே பல நேரம் அவர்களின் வீடாகிறது.

கட்டி முடியாத கட்டடத்தின் ஆபத்து இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே, மவுலிவாக்கத்தில் தெரிந்தது. 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் குடியிருப்பு சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வேறு மாநிலத் தொழிலாளர்கள். அது பெரிய கட்டுநர் எழுப்பிய கட்டடம். ஒரு லைன் வீட்டில் சாரம் சரிந்தாலோ மின்கம்பியில் கம்பி பட்டாலோ செய்தித்தாளில் இரண்டு வரிதான் வரும், ஆனால் இறப்பு இறப்புதான். தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தையும் கொண்டுவந்து நாட்டின் முன்னோடி மாநிலங்களில் ஒன்றாக இருந்தது. நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கம் போன்ற தொழிற்சங்கங்கள் அதற்காக நெடுங்காலம் போராடின. 1996இன் மத்தியச் சட்டம் கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதி வசூலிக்க வழிசெய்தது. வரைபட அனுமதியின்போதே அந்தத் தொகையைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வாரியத்தில் பதிவு செய்யாத ஒடிசாத் தொழிலாளிக்கு அதில் பயன் இல்லை. மூன்று மாதத்தில் வேறு ஊர் போகிறவரைப் பதிவு செய்யும் அக்கறை மேஸ்திரிக்கு எங்கிருந்து வரும்? இதற்கிடையே 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தியுள்ளன. பென்னலூர் மேஸ்திரிகளில் அநேகமாக எவரும் அதற்குள் வரமாட்டார்கள்.

பணம் தாமதமாவதைத் தடுக்க இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உரிய காலத்தில் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராவிட்டால் அதைச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்ற விதியும் 2023–24 நிதியாண்டு முதல் உண்டு. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த கட்டுமான ஒப்பந்தம் இந்த 2006 சட்டத்துக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. மிகவும் தேவைப்படுகிறவருக்கே கதவு அரைகுறையாகத் திறந்திருக்கிறது.

மலேசியா இதை நேராக எதிர்கொண்டது. அங்கே 2014இல் நடைமுறைக்கு வந்த கட்டுமானப் பணப் பட்டுவாடாச் சட்டம், மேலே பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கியது. தகராறு வந்தால் நடுவர் ஒருவர் பதில் மனு வந்த 45 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; கட்டடம் நிற்காமல் பணம் நகர வேண்டும் என்பதே நோக்கம். நான்கு மாடிக்குக் குறைவாகத் தாம் குடியிருக்கவே வீடு கட்டிக்கொள்ளும் தனிநபருக்கு அது பொருந்தாது. ஆகவே வீட்டு வேலை செய்யும் மேஸ்திரிக்கு அங்கேயும் பாதுகாப்பு குறைவு. ஆலைச் சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கோ அது பெரிய ஆயுதம். தமிழ்நாட்டின் தொழில் வட்டாரங்களுக்கு இத்தகைய சட்டம் ஒன்று இன்று மிக அவசியம்.

தகுதிப் பதிவிலும் பிற நாடுகளில் கற்க ஏதுமுண்டு. தென்னாப்பிரிக்கா அரசு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களை 1 முதல் 9 வரை தரம் பிரிக்கிறது. மலேசியாவில் ஏழு தரங்கள். இலங்கையில் 2014இன் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை தரம் வழங்குகிறது. ஒரு வேலையைச் சரியாக முடித்தவர் அதைச் சான்றாகக் காட்டி அடுத்த தரத்துக்கு ஏற முடிகிறது. தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாகப் பதிவு உண்டு. அரசு டெண்டர்களுக்கு 1998இன் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் உண்டு. தனியார் லைன் வீடு கட்டுகிறவர் இவை எதற்குள்ளும் வருவதில்லை. முப்பது கட்டடம் கட்டியவரிடமும் அதைக் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

பயிற்சி மட்டும் போதாது என்பதற்குக் கானா நல்ல சான்று. 1986 முதல் அங்கே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியுடன், ஆள்பலத்தால் கிராமச் சாலை போடும் சிறு ஒப்பந்ததாரர்களைப் பயிற்றுவித்தார்கள். கருவிகளையும் கடனுக்குக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து விலை கணித்து ஏலம் கேட்பது, வேலையிடத்தை நடத்துவது, தொழிலை நிர்வகிப்பது என்று மூன்று கைநூல்கள் உருவாகிப் பல நாடுகளுக்குப் போயின. சாலைகள் நன்றாக வந்தன. ஆனால் அரசு பில் பணத்தைத் தாமதித்ததும் பயிற்சி பெற்றவர்களே தத்தளித்தார்கள்.

கேரளத்தின் வடகரையில் வேறொரு வழி பிறந்தது. சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரைப் பின்பற்றிய தொழிலாளர்கள் 14 பேர் 1925இல் கூடி ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்து இன்று பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் பெரிய கட்டுமான அமைப்பாக அது நிற்கிறது. வேலை செய்கிறவர்களே உரிமையாளர்கள் என்பதால் கூலி முதலில், லாபம் பிறகு. தனி மேஸ்திரியால் வாங்க முடியாத இயந்திரத்தையும் வங்கிக் கடனையும் கூட்டுறவு பெற முடிந்தது. பென்னலூர், ஒரகடம், வல்லம் பகுதி மேஸ்திரிகள் இருபது பேர் சேர்ந்து சென்ட்ரிங் தகடுகளையும் ஒரு கலவை இயந்திரத்தையும் பொதுவில் வாங்கினால்கூட, தளத்தை உரிய நாளுக்கு முன் பிரிக்கும் அவசரம் குறையும்.

இந்த வட்டாரத்தின் தேவை இப்போது மாறிவருகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியைத் திறந்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் பெரிய நிறுவனங்களுக்குத்தான் இடம். சிறு ஒப்பந்ததாரர்களுக்கு இனிப் பெருகப்போவது பழைய லைன் வீடுகளின் மேல் மாடி எழுப்புவதும், ஒழுகும் தளத்தைச் சரிசெய்வதும், துருப்பிடித்த கம்பியை மறைத்துப் பூசுவதுமான வேலைகள். கவனம் மிகவும் தேவைப்படுவது இங்கேதான். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்துக்கு என்று போட்ட தூண் மூன்றாவது தளத்தைத் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல கட்டடங்களுக்குக் கம்பி வரைபடமே இல்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே, எத்தனை என்று காட்டும் கருவியும், அதன் கடினத்தை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலும் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் வழக்கமாக இருப்பவை. மாடி எழுப்புமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து அந்தச் சோதனையைச் செய்வதற்கான செலவு, மாடிக்கு ஆகும் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே. அதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதி, முன்பணத்திலிருந்தே வீட்டுக்காரர் கொடுத்துவிட வேண்டும்.